பதினோரு சதவீதத்தின் கணக்கு: போருக்கு முன் பெல்ஜியத்தில் நடந்த தேர்தல்கள்

1936 மே 24, ஞாயிற்றுக்கிழமை. பெல்ஜியத்தில் ஓட்டு எண்ணி முடித்தபோது, சில மாதம் முன்புவரை தனிக் கட்சியாகவே இல்லாத ரெக்ஸ், லியோன் டெக்ரெல்லின் தீவிர வலதுசாரிக் கட்சி, 21 இடங்களைப் பிடித்திருந்தது. நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் அவையின் மொத்த இடங்கள் 202. மூன்றாண்டு கழித்து, 1939 ஏப்ரல் 2-ல், அதே கட்சிக்குக் கிடைத்தவை 4. மக்கள் பாசிசத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுக்கிவிட்டார்கள் என்று இதற்கு ஒரு வரியில் விளக்கம் சொல்வது வழக்கம். அது பாதி உண்மை. மீதிப் பாதியைத் தேடினால், பெல்ஜியத்தின் தேர்தல் சட்டத்துக்குள் போக வேண்டியிருக்கும்.

முதலில், யார் ஓட்டுப் போட்டார்கள் என்பது. 1893-ல் ஒரு பொது வேலைநிறுத்தத்தின் நெருக்கடியில் 25 வயது நிரம்பிய ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டுரிமை வந்தது. ஆனால் அது சமமான ஓட்டு அல்ல. வரி கட்டும் குடும்பத் தலைவர், சொத்துக்காரர், பட்டம் பெற்றவர் ஆகியோருக்குக் கூடுதல் ஓட்டுகள் உண்டு. ஒருவருக்கு அதிகபட்சம் மூன்று. முதல் உலகப் போர் முடிந்து 1919-ல்தான் ஆளுக்கு ஓர் ஓட்டு, வயது 21 என்றானது. ஆள் என்றால் ஆண். போரில் கணவரை இழந்து மறுமணம் செய்யாதவர்கள், மகனைப் போரில் பறிகொடுத்த விதவைத் தாய்மார்கள், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது நாட்டுக்காகச் சிறை சென்ற பெண்கள் என்று ஒரு சிறு கூட்டத்துக்கு மட்டும் விலக்கு. மற்றப் பெண்களுக்கு உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டு இருந்தது, நாடாளுமன்றத்துக்கு இல்லை. வேட்பாளராக நிற்கத் தடை இல்லாததால் 1929-ல் லியேஜ் நகரின் சோஷலிஸ்டான லூசி தெஜார்தான் அவைக்குள் நுழைந்தார். அவர் உட்கார்ந்த அவைக்கு ஓட்டுப் போடும் உரிமை நாட்டின் லட்சக்கணக்கான பெண்களுக்கு இல்லை. 1936-ல் பட்டியலில் இருந்த வாக்காளர்கள் சுமார் 26 லட்சம். நாட்டின் மக்கள்தொகை 80 லட்சத்துக்குச் சற்று மேல். இந்த இடைவெளியை மனதில் வைத்துக்கொண்டுதான் ‘பெல்ஜிய மக்கள் தீர்ப்பு’ போன்ற சொற்களைப் படிக்க வேண்டும்.

ஓட்டுப் போடுவது 1893 முதலே கட்டாயம். முதல் முறை வராவிட்டால் கண்டிப்பு அல்லது 1 முதல் 3 பிராங்க் அபராதம். ஆறு ஆண்டுக்குள் மறுபடி தவறினால் 3 முதல் 25 பிராங்க். பத்தாண்டுக்குள் மூன்றாம் முறை என்றால் அபராதத்தோடு, பெயரை ஊர் மன்ற வாசலில் ஒரு மாதம் ஒட்டி வைப்பார்கள். பதினைந்து ஆண்டுக்குள் நான்காம் முறை என்றால் பத்தாண்டுக்கு வாக்காளர் பட்டியலிலிருந்தே நீக்கம். அந்தக் காலத்தில் அரசுப் பதவியோ பதவி உயர்வோ விருதோ கிடையாது. தொகை சின்னதுதான், ஆனால் வேலை செய்தது. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் வந்தார்கள். வருவதுதான் கட்டாயம், சீட்டு ரகசியம் என்பதால், உள்ளே போய் என்ன செய்கிறோம் என்பது அவரவர் பாடு. கோபம் உள்ளவர் வீட்டில் உட்கார முடியாது. வெற்றுச் சீட்டை மடித்துப் போடலாம், அல்லது புதிதாக வந்த ஒருவருக்குக் குத்தலாம். மற்ற நாடுகளில் ஓட்டுப் போடாமல் கரைந்துபோகும் வெறுப்பு பெல்ஜியத்தில் முழுசாக எண்ணிக்கைக்குள் வந்து விழுந்ததற்கு இது ஒரு காரணம்.

இடங்களின் எண்ணிக்கை மக்கள்தொகையோடு கட்டப்பட்டது. 40,000 பேருக்கு ஓர் உறுப்பினர் என்பது அரசியல் சட்டம் வைத்த மேல்வரம்பு. 1930 கணக்கெடுப்பில் 80.9 லட்சம் பேர்; வகுத்தால் 202. அதற்கு முந்தைய 1932 தேர்தலில் அவையில் 187 இடங்கள்தான். ஆக 1936-ல் கூடுதலாக 15 நாற்காலிகள் இருந்தன. இரண்டு தேர்தல்களின் இட எண்ணிக்கையை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவர்கள் இங்கே வழுக்கி விழுகிறார்கள். செனட்டின் நேரடித் தேர்தல் இடங்கள் கீழவையில் பாதி, அதாவது 101. மீதியை மாகாண மன்றங்களும் செனட்டர்களுமே சேர்ந்து தேர்ந்தெடுத்தார்கள். அதை இங்கே விட்டுவிடலாம்.

இனி இதயப் பகுதி. தொகுதிக்கு ஒருவர் என்ற முறை பெல்ஜியத்தில் இல்லை. 1899 முதல் விகிதாசாரப் பிரதிநிதித்துவம்தான். நாடளவில் அதை முதலில் சட்டமாக்கிய நாடு அதுவே. இடங்களைப் பிரிக்கும் வாய்ப்பாட்டை வகுத்தவர் கெண்ட் நகரின் சட்டப் பேராசிரியர் விக்டர் டி’ஹான்ட். ஒவ்வொரு பட்டியலின் ஓட்டையும் 1, 2, 3, 4 என்று வகுத்துக்கொண்டே போவது. கிடைக்கும் ஈவுகளில் மிகப் பெரியவற்றுக்கு வரிசையாக இடம் கொடுப்பது. அவ்வளவுதான்.

கற்பனையாக ஒரு தொகுதியை எடுத்துக்கொள்வோம். 8 இடங்கள், 1,60,000 செல்லும் ஓட்டுகள். ‘அ’ பட்டியலுக்கு 62,000, ‘ஆ’வுக்கு 46,000, ‘இ’க்கு 34,000, ‘ஈ’க்கு 18,000. வகுத்து வரும் ஈவுகளில் முதல் எட்டு: 62,000, 46,000, 34,000, 31,000, 23,000, 20,667, 18,000, 17,000. எனவே ‘அ’வுக்கு 3, ‘ஆ’வுக்கு 2, ‘இ’க்கு 2, ‘ஈ’க்கு 1. ஓட்டில் 11 சதவீதம் மட்டுமே வைத்திருக்கும் ‘ஈ’க்கும் ஓர் இடம் தேறிவிட்டது.

ஆனால் 1919-க்குப் பிறகு கணக்கு இவ்வளவு நேராக முடிவதில்லை. ஒரே மாகாணத்துக்குள் இருக்கும் பல தொகுதிகளில் ஒரு கட்சி தன் பட்டியல்களை இணைத்து அறிவிக்கலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது. அப்போது எண்ணிக்கை இரண்டு படியாக நடக்கும். முதல் படியில், தொகுதியின் மொத்த ஓட்டை இடங்களால் வகுத்து ஓர் அளவுகோல் எடுப்பார்கள். மேலே சொன்ன தொகுதியில் அது 20,000. அந்த அளவை ஒரு பட்டியல் எத்தனை முறை முழுதாக நிரப்புகிறதோ அத்தனை இடம். ‘அ’ 3, ‘ஆ’ 2, ‘இ’ 1, ‘ஈ’ பூஜ்யம். எட்டில் ஆறு தீர்ந்தன. மிஞ்சிய இரண்டு இடங்கள் மாகாணத் தலைநகருக்குப் போகும். அங்கே ஒவ்வொரு கட்சியும் மாகாணம் முழுக்க வாங்கிய ஓட்டைக் கூட்டி, அதை, ஏற்கெனவே பெற்ற இடங்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி வரும் எண்ணிலிருந்து தொடங்கி வகுத்து, மிச்ச இடங்களை மறுபடி டி’ஹான்ட் வரிசையில் பிரிப்பார்கள். பக்கத்துத் தொகுதிகளிலும் கொஞ்சம் கொஞ்சம் ஓட்டு வைத்திருந்தால் ‘ஈ’ இங்கே பிழைத்துக்கொள்ளும். அங்கெல்லாம் காலி என்றால், இந்தத் தொகுதியில் வாங்கிய 18,000-மும் வீண்.

இந்த இரண்டு படிகளை வைத்துப் பார்த்தால் 1936, 1939 முடிவுகள் வேறு மாதிரி தெரியும். 1936-ல் ரெக்ஸ் 11.5 சதவீத ஓட்டுக்கு 21 இடம் வாங்கியது; அது அவையில் 10.4 சதவீதம். ஏறக்குறைய நியாயமான பங்கு. 1939-ல் ஓட்டு 4 சதவீதச் சொச்சத்துக்கு இறங்கியது. இடமோ 4, அதாவது அவையில் 2 சதவீதம். ஓட்டு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் நின்றது, இடம் ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. நாடு முழுக்க மெல்லிசாகப் பரவிய கட்சி எந்தத் தொகுதியிலும் அளவுகோலை நிரப்ப முடியாமல், மாகாண மிச்சத்தை நம்பி நிற்கும்போது இப்படித்தான் நடக்கும். டச்சு மொழி பேசும் ஃபிளெமியர்களின் தேசியவாதக் கட்சியான வி.என்.வி.க்கு இதற்கு நேர் எதிர். 1936-ல் 7.1 சதவீத ஓட்டுக்கு 16 இடம், கிட்டத்தட்ட 8 சதவீதம். அவர்கள் ஓட்டு ஃபிளாண்டர்ஸ் மாகாணங்களில் குவிந்து கிடந்தது. 6 சதவீதம் வாங்கிய கம்யூனிஸ்டுகளுக்கு 9 இடம்தான்.

பட்டியலுக்குள்ளும் ஒரு நுணுக்கம். வாக்குச்சீட்டில் ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு பத்தி. பத்தியின் தலையில் உள்ள கறுப்புக் கட்டத்துக்குள் இருக்கும் வெள்ளைப் புள்ளியைப் பென்சிலால் நிரப்பினால் பட்டியலை அப்படியே ஏற்கிறோம் என்று பொருள். ஒரு வேட்பாளர் பெயருக்கு எதிரே நிரப்பினால் அவருக்கு விருப்ப ஓட்டு. தலைக்கட்ட ஓட்டுகள் பட்டியல் வரிசைப்படி மேலிருந்து கீழே வழிந்து, முதல் ஆளுக்குத் தேவையான அளவு நிரம்பியதும் அடுத்தவருக்குப் போகும். பெரும்பாலோர் தலைக்கட்டத்தையே நிரப்பியதால், வரிசையை எழுதிய கட்சி அலுவலகமே உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தது என்றாலும் தவறில்லை. ரெக்ஸின் ‘அழுகிப்போனவர்கள்’ முழக்கம் கத்தோலிக்கக் கட்சியின் மேல்மட்டத்தின் மீது எடுபட்டதற்கு இந்த வரிசை அரசியலும் பின்னணி.

பட்டியலோடு பதிலி வேட்பாளர்கள் சிலரின் பெயரும் இருக்கும். உறுப்பினர் இறந்தாலோ விலகினாலோ இடைத்தேர்தல் இல்லை. பதிலி வரிசையில் அடுத்தவர் வந்து உட்காருவார். இந்தச் சின்ன விதியை 1937-க்காக ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1936-ல் அப்படி என்ன நடந்தது? பொருளாதார மந்தம். 1935 மார்ச்சில் பால் வான் சீலாண்ட் அரசு பொறுப்பேற்று பெல்ஜிய பிராங்கின் மதிப்பை 28 சதவீதம் குறைத்தது. அதற்கு முன்பே 1934-ல் சோஷலிஸ்டுகளின் தொழிலாளர் வங்கி விழுந்தது. கத்தோலிக்க விவசாயிகள் சங்கத்தின் கடன் நிறுவனமும் சரிந்தது. இரண்டு பெரிய கட்சிகளின் அடித்தட்டும் தங்கள் சேமிப்பைத் தங்கள் ஆட்களிடமே பறிகொடுத்தது என்று சொல்லலாம். வங்கிக்காரர்களையும் அரசியல்வாதிகளையும் ஒரே கொடியில் உலர்த்திய லியோன் டெக்ரெல்லுக்கு இது விளைந்த வயல். பூயோன் ஊரில் 1906-ல் பிறந்த இவர் கத்தோலிக்க இளைஞர் இயக்கத்திலிருந்து வந்தவர். 1935 நவம்பர் 2-ல் கோர்ட்ரேக் நகரில் நடந்த கத்தோலிக்கக் கட்சிக் கூட்டத்துக்குள் புகுந்து தலைவர்களை முகத்துக்கு நேரே ஏசினார். துடைப்பம் கட்சியின் அடையாளமாயிற்று. 1936 தேர்தலில் அவரே வேட்பாளராக நிற்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. பட்டியல்களில் இருந்தவர்கள் பெரும்பாலும் பெயர் தெரியாதவர்கள். ஓட்டு துடைப்பத்துக்கு விழுந்தது.

ஆனால் அந்தத் தேர்தலின் பெரிய சேதி ரெக்ஸ் அல்ல, கூட்டல் கணக்கு. 1932-ல் கத்தோலிக்கர் 79, லிபரல்கள் 24, சேர்த்தால் 103. அன்றைய 187-ல் அது தெளிவான பெரும்பான்மை. 1936-ல் கத்தோலிக்கர் 63, லிபரல்கள் 23, சேர்த்தால் 86. பெரும்பான்மைக்கு 102 வேண்டும். பழைய வலதுசாரிக் கூட்டணி என்ற வழியே அடைபட்டுப்போயிற்று. சோஷலிஸ்டுகள் 73-லிருந்து 70-க்கு இறங்கியும் முதல் கட்சியானார்கள். மூன்று கட்சியும் சேர்ந்தால்தான் ஆட்சி என்ற நிலையில் வான் சீலாண்ட் மறுபடி பிரதமரானார். அதற்குள் ஜூனில் பொது வேலைநிறுத்தம் வெடித்தது. ஆண்டுக்கு ஆறு நாள் சம்பளத்தோடு விடுப்பு என்ற சட்டம் அதன் பலன்.

எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்த ரெக்ஸுக்குப் பொறுமை இல்லை. 1936 செப்டம்பரில் டெக்ரெல் ஹிட்லரைச் சந்தித்தார், முசோலினியிடமிருந்து பணம் வந்தது, அக்டோபரில் வி.என்.வி.யோடு உடன்பாடு, அக்டோபர் 25-ல் பிரசெல்ஸ் நோக்கி ஒரு பேரணி அறிவிப்பு. அரசு தடை விதித்தது, பேரணி பிசுபிசுத்தது. அதன் பிறகுதான் இடைத்தேர்தல் யோசனை.

பதிலி விதி இருக்கும்போது இடைத்தேர்தல் எப்படி வரும்? பிரசெல்ஸின் ரெக்ஸ் உறுப்பினர் ஒருவர் விலகினார். அடுத்து பட்டியலில் இருந்த பதிலிகள் எல்லோரும் ஒருவர் விடாமல் விலகினார்கள். உட்கார ஆளில்லாத நாற்காலிக்குச் சட்டப்படி தேர்தல் நடத்தியே ஆக வேண்டும். அந்த ஓர் இடத்துக்கு டெக்ரெல் நின்றார். தலைநகரில் ஒரு பெரிய எண்ணைக் காட்டினால் அரசு ஆடும் என்பது திட்டம்.

இங்கேதான் அவர் கணக்குத் தப்பியது. விகிதாசார முறை ரெக்ஸைத் தூக்கிவிட்டதே, ஓட்டைப் பல பேருக்குப் பிரித்துக் கொடுக்கும் முறை என்பதால்தான். 11 சதவீதம் அங்கே ஒரு சக்தி. ஆனால் ஒரே ஓர் இடத்துக்கு டி’ஹான்ட் வாய்ப்பாட்டை வைத்தால் ஒன்றால் வகுப்பதோடு வேலை முடிந்துவிடும். அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயிப்பார். நாட்டிலேயே அரிதான, தொகுதிக்கு ஒருவர் என்ற போட்டியை ரெக்ஸே தன் கையால் உண்டாக்கிக்கொடுத்தது. எதிர்த்தரப்பு அதை உடனே புரிந்துகொண்டது. பிரதமர் வான் சீலாண்டே வேட்பாளரானார். கத்தோலிக்கர், லிபரல்கள், சோஷலிஸ்டுகள், கம்யூனிஸ்டுகள் யாரும் தனி ஆள் நிறுத்தவில்லை. பட்டியல் முறை பிரித்து வைத்திருந்த எல்லோரும் ஒரே பெயருக்குக் கீழே வந்தார்கள்.

எஞ்சிய கேள்வி, வான் சீலாண்டையும் பிடிக்காத, டெக்ரெல்லுக்கும் தயங்குகிற கத்தோலிக்கர்கள் என்ன செய்வார்கள் என்பது. கட்டாய ஓட்டு நாட்டில் அவர்களுக்கு வெற்றுச் சீட்டு என்ற வாசல் திறந்திருந்தது. பேராயர் தன் பக்கம் என்பது போல டெக்ரெல் பேசிவைத்தார். தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, ஏப்ரல் 9-ல், அந்தப் பேராயரான கர்தினால் வான் ரூய் அறிக்கை விட்டார்: ரெக்ஸ் நாட்டுக்கும் திருச்சபைக்கும் ஆபத்து, ஓட்டைத் தவிர்ப்பதும் கண்டிக்கத்தக்கது. வெளியேறும் வாசலையும் சேர்த்துப் பூட்டிய அறிக்கை அது. 1937 ஏப்ரல் 11-ல் வான் சீலாண்டுக்கு 2,75,840 ஓட்டு, டெக்ரெல்லுக்கு 69,242. போடப்பட்டதில் முறையே 76, 19 சதவீதம். மீதி 5 சதவீதம் வெற்று, செல்லாச் சீட்டுகள். 19 சதவீதம் என்பது பட்டியல் தேர்தலில் மாபெரும் வெற்றியாக இருந்திருக்கும். இருவர் போட்டியில் அது அவமானம்.

வென்றவருக்கும் நிம்மதி இல்லை. தேசிய வங்கியில் முன்பு பதவி வகித்த காலத்துப் பணம் தொடர்பான குற்றச்சாட்டில் அதே அக்டோபரில் வான் சீலாண்ட் விலகினார். டெக்ரெல் ஊழல் என்று கத்தியது முழுக்கப் பொய் இல்லை என்று நினைத்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் அந்த வண்டி போய்விட்டது.

1939 தேர்தல் வந்த விதம் ஜெர்மனியால் அல்ல, மருத்துவ அகாடமி ஒன்றால். புதிதாக அமைத்த ஃபிளெமிய மருத்துவ அகாடமிக்கு அட்ரியான் மார்ட்டன்ஸ் என்ற மருத்துவர் நியமிக்கப்பட்டார். முதல் உலகப் போரில் ஜெர்மானிய ஆக்கிரமிப்போடு ஒத்துழைத்ததற்காகத் தண்டிக்கப்பட்டவர் அவர். லிபரல்கள் கொதித்தார்கள். முதல் சோஷலிஸ்ட் பிரதமரான பால்-ஹென்ரி ஸ்பாக்கின் அரசு பிப்ரவரியில் கவிழ்ந்தது. ஹூபர்ட் பியர்லோ அமைத்த அமைச்சரவை சில நாட்களே நின்றது. மார்ச்சில் அவை கலைப்பு. சட்டப்படி கலைத்த 40 நாளுக்குள் தேர்தல் நடக்க வேண்டும். அதனால் பிரசாரம் நான்கே வாரம். அந்த நான்கு வாரத்தின் நடுவில், மார்ச் 15-ல், ஜெர்மானியப் படை செக்கோஸ்லோவாக்கியத் தலைநகர் பிராகாவுக்குள் நுழைந்தது. ஒத்துழைத்தவனை மன்னிப்பதா என்ற உள்ளூர்ச் சண்டைக்கு ஒரே நாளில் வேறு கனம் வந்துவிட்டது.

முடிவு: கத்தோலிக்கர் 73, சோஷலிஸ்டுகள் 64, லிபரல்கள் 33, வி.என்.வி. 17, கம்யூனிஸ்டுகள் 9, ரெக்ஸ் 4. 1936-ல் துடைப்பத்துக்குப் போன நடுத்தர வர்க்க ஓட்டு கத்தோலிக்கருக்கும் லிபரல்களுக்கும் திரும்பியது என்பதே பொருத்தமான வாசிப்பு. இரண்டு கட்சிக்கும் சேர்த்து 106. அடைபட்ட பழைய வழி திறந்தது. ஏப்ரலில் பியர்லோ சோஷலிஸ்டுகள் இல்லாமலே அரசு அமைத்தார். செப்டம்பர் 3-ல், போர் அறிவிக்கப்பட்ட அன்று, அவர்களையும் சேர்த்துக்கொண்டார்.

ரெக்ஸ் சரிந்ததை மட்டும் பார்த்து நிம்மதியடைந்தவர்கள் இரண்டு எண்களைக் கவனிக்கத் தவறினார்கள். வி.என்.வி.யின் பங்கு 7.1-லிருந்து 8.3 சதவீதமாக உயர்ந்தது. இடம் ஒன்றுதான் கூடியது என்பதால் தலைப்புச் செய்தியாகவில்லை. மற்றொன்று கிழக்கு எல்லையில், வெர்சாய் உடன்படிக்கைப்படி ஜெர்மனியிடமிருந்து வந்த ஒய்ப்பன், மால்மெடி பகுதியில். ஜெர்மனியோடு மறுபடி சேர விரும்பிய கட்சி அங்கே பாதியை நெருங்கும் ஓட்டு வாங்கியது. ஆனால் அந்தப் பகுதி வெர்வியே என்ற பெரிய தொகுதியின் ஒரு மூலை. தொகுதி அளவில் அந்த ஓட்டு கரைந்து, இடம் எதுவும் கிடைக்கவில்லை. அவையின் இருக்கை வரைபடத்தில் இப்படி ஒரு பகுதி இருக்கிறது என்பதே தெரியாது.

இன்னொரு விசித்திரம். கட்சிக்கு 21 பேர் இருந்தபோது வெளியே நின்ற டெக்ரெல், நாலு பேராகச் சுருங்கிய 1939-ல்தான் பிரசெல்ஸிலிருந்து உறுப்பினராக உள்ளே வந்தார்.

நான்கு ஆண்டுக்குத் தேர்ந்தெடுத்த அந்த அவை ஏறக்குறைய ஏழு ஆண்டு இருந்தது. 1940 மே 10-ல் ஜெர்மனி படையெடுத்தது; மே 28-ல் மன்னர் மூன்றாம் லியோபோல்ட் சரணடைந்தார்; மே 31-ல் பிரான்சின் லிமோஜ் நகரில் கூடிய உறுப்பினர்கள் அதைக் கண்டித்தார்கள். மறுபடி அவை பிரசெல்ஸில் கூடியது 1944 செப்டம்பரில். அப்போது டெக்ரெல் ஜெர்மானியச் சீருடையில் இருந்தார். அடுத்த தேர்தல் 1946 பிப்ரவரி 17-ல் நடந்தது. ரெக்ஸும் வி.என்.வி.யும் சீட்டில் இல்லை. எதிரியோடு ஒத்துழைத்த குற்றத்துக்கு உரிமை இழந்தவர்களின் பெயர்கள் வாக்காளர் பட்டியலில் இல்லை. பெண்களின் பெயர்களும் இன்னும் வந்து சேரவில்லை. அவர்களுக்கான சட்டம் 1948-ல்தான். இடங்கள் மட்டும் அதே 202. புதிய கணக்கெடுப்புக்கு இன்னும் ஏறக்குறைய இரண்டு ஆண்டு இருந்தது.